ஒரு சைபர் மழை

12.8.2009, புதன்

தூக்கம் வரவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒளிந்து ஒளிந்து எழுதிய ஆட்டோ ஓட்டும் கேமை இனி ரயிலில் போகவர எழுதலாம் என்று, மடியில் அடங்கும் சின்ன லேப்டாப் வாங்கத்தான் மீஞ்சூரில் இறங்கினேன். கடையில் ஒரு சின்னதில் பென் டிரைவைச் சொருகி கேமை ஓட்டிப் பார்த்தேன். மழை வரும் இடத்தில் ஆட்டோ திணறியது.

"இன்னாம்மா, உன் ஆட்டோ நொண்டிக்கினு போவுது?" என்று கடைக்கார பாய் சிரித்தார். ரோஷத்தில் பெரியதை வாங்கிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் அதைத் திறந்ததும் பக்கத்து சீட் அக்கா, "கொஞ்சம் மடக்கி வெச்சிக்கம்மா, கை இடிக்குது" என்றார். மடக்கினேன்.

வீட்டில் புரோகிராமைப் பார்த்தால், நானூறு துளி போட வேண்டிய மழைக்கு நாலாயிரம் போட்டிருக்கிறேன். ஒரு சைபர் அதிகம். சின்னதே போதுமாக இருந்திருக்கும். நாளைக்கு பாயிடம் எந்த முகத்தோடு போய் மாற்றிக் கேட்பது...