கண்டரமாணிக்கத்தில் மலைப்பாம்பு

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸ்வேதாவுக்கு அப்பா காளிதாஸும் அம்மா அழகம்மாளும் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குச் சண்டை போட்டுச் சுகமாக இருக்கிறோம், அங்கே பயிற்சி முகாமில் நீயும் உன் முழங்காலும் சுகம்தானா என்று எழுதவும். நிற்க, இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நம் வீட்டு டி.வி. பீரோவின் உச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டது, இனி சீரியல் பார்க்க விரும்புவோர் கோபுர தரிசனம் போல அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அது இருந்த இடத்துக்குப் புதிய குடித்தனக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். அக்கா, இதை எழுதுவது நான், உன் தம்பி விஷ்வா. அப்பாவின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, யாரால் உடைந்தது என்பது இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத சங்கதி. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், அவர் ஒரு வரி சொன்னால் நான் பத்து வரியாகப் பெருக்கிவிடுவேன், கண்ணாடி வரும்வரை அவருக்குத் தெரியப்போவதில்லை.

உன் போன கடிதம் வந்த அன்று அம்மா சோற்றை வடிக்க மறந்து கஞ்சியாக்கிவிட்டாள். உடம்பைச் சுற்றி மாட்டி ஊதும் அந்தப் பெரிய பித்தளைச் சூசபோனுக்கு ஆளில்லாமல் நம் பேண்டு செட்டு கலைந்துபோகும் என்றால் பயிற்சியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை அப்பா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "போலீஸ் பேண்டுல சேரணும்னுதானே அம்புட்டு வருசம் அந்தப் பித்தளையத் தோள்ல சொமந்தா, வந்துறாத தாயின்னு எழுதுடா" என்றார். ஆனால் வெறும் வாயால் சொன்னால் நீ நம்புகிற ஆளா? நிலைமையும் அப்போது அப்படித்தான் இருந்தது. நீ போன கையோடு உன் பழைய வாத்தியம் ஒட்டுக்கு மேல் ஒட்டு வாங்கி ஒரேயடியாக வாயை மூடிவிட்டது. கண்டரமாணிக்கம் விழாக் கமிட்டி முத்துக்கருப்பன் ஐயா வீட்டுக்கே வந்து, "காளிதாஸு, பெரிய வாத்தியம் இல்லாம வந்தா சரிப்படாதுப்பா, எளவட்டமெல்லாம் செண்டை மேளம் வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊர்ப் பூச்சொரிதல் விழா நம் கையை விட்டுப் போனால் மற்ற ஊர்களும் பின்னாலேயே போகும் என்று உனக்கே தெரியும். அதனால் விழா முடிந்து ஜெயித்த பிறகே எழுதுவது என்று இருந்தோம். ஜெயித்துவிட்டோம் அக்கா!

திருச்சியில் ஒரு பேண்டு செட்டுக்காரர் தொழிலை விடுகிறார், சூசபோனைக் கொடுத்துவிடுகிறார் என்று கேள்விப்பட்டு நானும் அப்பாவும் போய் வாங்கினோம். அப்பா ஒவ்வொரு குழாயாகத் தட்டிப் பார்த்தார், நான் வாய்க்குள் தலையை விட்டு என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அது மரியாதையாகப் பதில் சொன்னது. அதை ஊர் கொண்டுவந்து சேர்த்ததுதான் சாதனை. பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடு என்றார். நான் அதை உடம்பில் மாட்டிக்கொண்டு, இது லக்கேஜ் இல்லை அண்ணே, உடுப்பு, சட்டைக்குத் தனி டிக்கெட் போடுவீகளா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அப்ப இந்த உடுப்போட உள்ள உக்காரு பாப்போம்" என்றார். உட்கார முடிந்தால்தானே! கடைசியில் அகல வாயை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன், பக்கத்து சீட்டு அக்கா அது கூடை என்று நினைத்துத் தன் மாம்பழப் பையை அதற்குள் இறக்கிவிட்டார், புதுக்கோட்டை தாண்டும்வரை நானும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பழம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் ஊதுகிற இடம் என் நெற்றிக்கு நேராக நிற்கிறது. முன்னே வைத்திருந்தவர் ஒட்டகச்சிவிங்கி வம்சம் போலிருக்கிறது. உடனே ஆப்பரேஷன். நகைப்பட்டறை காசி சித்தப்பா கழுத்துக் குழாய்க்குள் அரக்கை உருக்கி ஊற்றி, இறுகவிட்டு, நசுங்காமல் என் வாய்க்கு நேராக வளைத்துக் கொடுத்தார். வளைத்த பிறகு சூடு காட்டி அரக்கைச் சொட்டு மிச்சமில்லாமல் இறக்க வேண்டும், அந்த வேலையை என்னிடம் விட்டார். தோளில் பதிகிற இடத்துக்கு பைக் சீட் தைக்கும் கடையில் ஸ்பாஞ்சு வைத்துச் சிவப்பு ரெக்ஸின் போட்டோம், ஆடாமல் இருக்க என் பழைய ஸ்கூல் பை வாரை இடுப்புக்கு மாற்றினோம். அம்மா குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்து வாய் ஓரத்தில் மூன்று இடத்தில் பொட்டும் வைத்துவிட்டாள். டி.வி. இடத்துக்குக் குடிவந்த நம் மலைப்பாம்புக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது.

விழாவன்று சாயங்காலம் பூத்தட்டு ஊர்வலம் கிளம்பியதும் பார்க்க வேண்டுமே! முன்னே அப்பா கிளாரினெட்டோடு, நடுவில் நான் தலைக்கு மேல் தங்கக் குடை பிடித்தமாதிரி. பொடியன்களெல்லாம் அனகோண்டா அனகோண்டா என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவருகிறார்கள். மாடியில் நின்ற பெண்கள் பாதிப் பேர் செல்போனில் என்னைத்தான் படம் எடுத்தார்கள், மீதிப் பேர் எடுத்ததை நான் பார்க்கவில்லை. தெருமுனைத் தோரணத்தில் வாத்தியம் முட்டியது, ஒரு குனிவு குனிந்து நிமிர்ந்தேன், தோரணமும் தப்பியது மானமும் தப்பியது. செண்டை மேளம் கேட்ட இளவட்டங்களே என் முன்னால் நின்று ஆடினார்கள். கோயில் வாசலில் முத்துக்கருப்பன் ஐயா, "பாஸு சத்தம் நெஞ்சுக்கூட்டுலயே வந்து இடிச்சுச்சுப்பா, அடுத்த வருசமும் நீங்கதான் வாரீக" என்று சொல்லித் தாம்பூலத்தை அப்பாவிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். கொடுத்தது யாரிடம் என்பதைக் கவனிக்கவும்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் காயப்போடாதே, சப்பாத்தி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, முழங்காலுக்குத் தைலம் தேய், ஞாயிற்றுக்கிழமை போன் கைக்கு வந்ததும் முதலில் வீட்டுக்குப் பேசு, இதெல்லாம் அம்மா சொல்வது. பயிற்சியை நல்லபடியாக முடித்துச் சீருடையோடு வந்து நில், குலதெய்வம் துணை இருக்கும், இது அப்பா சொல்வது.

இதோடு மடித்து ஒட்டியிருப்பேன், அப்பா எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டார். கேட்டு முடித்து, "எல்லாஞ் சரிடா, சத்தம் வரலங்கிறத மட்டும் எந்த வரியில எழுதியிருக்க?" என்றார். அக்கா, சத்தம் வரவில்லை. தோரணத்தில் முட்டிய வேகத்தில், நான் சரியாக இறக்காமல் விட்ட அரக்கு உள்ளே பெயர்ந்து குழாயை அடைத்துக்கொண்டது. அதன் பிறகு எவ்வளவு ஊதினாலும் புஸ்ஸென்று காற்றுகூட வரவில்லை. கோயில் வரை நான் கன்னத்தை மட்டும்தான் உப்பவைத்துக்கொண்டு போனேன். அப்பா பார்த்த மாத்திரத்தில் கண் ஜாடை காட்ட, நம் செட்டு மீனாட்சிசுந்தரம் அண்ணன் தன்னுடைய சின்ன வாத்தியத்திலேயே என் பங்கையும் சேர்த்து ஊதினார், மறுநாள் உதடு வீங்கிக் கஞ்சிதான் குடித்தார். ஐயாவின் நெஞ்சுக்கூட்டை இடித்தது அவர்தான். தாம்பூலத்தை அன்றைக்கே அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், வெற்றிலை மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது. இதை எழுதினால் அக்கா கிளம்பி வந்துவிடுவாளே என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "வரமாட்டாடா. அவளும் இல்லாம, அவ வாத்தியமும் ஊதாம, ஊர்வலத்தக் கொண்டுபோய்க் கோயில்ல சேத்திருக்கோம்ல, அது போதும் அவளுக்கு, அத எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன் உன் அப்பா
காளிதாஸ்
(கையெழுத்தும் கன்னமும்: விஷ்வா)