மாப்பீப்பாவுக்குள் ஓர் அரசன்

மச்சான்,

ஈரேழு உலகிலும் ஒருவரும் நம்பாத கதையொன்று சொல்லப்போகிறேன். நல்லூர்க் கந்தன் ஆணை. இன்று மத்தியானம் எங்கள் மாப்பீப்பா அரசன் என் வீட்டுக்கு எழுந்தருளினார். தொலைக்காட்சி வழியாகத்தான். ஆனாலும் சோபா முழுக்கக் கோதுமை மா கொட்டுண்டு கிடந்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டு, ஜெர்மனியில் அகதி விடுதியின் சாப்பாட்டு மண்டபம். அந்தக் குளிரில் நாங்கள் விட்ட பெருமூச்சைக் கொடியில் காயப்போடலாம். தேவாலயத்து அம்மா ஒருத்தி கட்டில் விரிப்பைச் சுவரில் கட்டி, தன் தகப்பன் பிறக்குமுன் எடுத்த பேசாப் படத்தை ஓட்டினாள். எதிரிப் படை வர, அரசன் மாப்பீப்பாவுக்குள் ஒளிக்கிறான். சமையற்காரி அவன் மணிமுடியைச் சூடிக்கொண்டு, குதிரை தாங்காத எடைக்குத் தளபதியைத் தின்னவைத்தே துரத்துகிறாள். பீப்பாவைத் திறக்க மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூடி மெல்ல உயர்கிறது. வெள்ளை மாவுக்குள் இரண்டு கண்கள். பிறகு திரையில் ஒரேயொரு ஜெர்மன் சொல்: Ende.

நீ எழுத்துக்கூட்டி, 'என்று' என்பதற்கு நாங்கள் சொல்லும் 'எண்டு' ஆக்கிவிட்டாய். "எண்டே... என்ன எண்டு? வெளியிலை வா எண்டோ, உள்ளுக்கை இரு எண்டோ?"

"முற்றும் எண்டு அர்த்தமடா, விசரா," என்றேன்.

"எங்கை முடிஞ்சது? அவன் இன்னும் உள்ளுக்கைதானே கிடக்கிறான்."

மண்டபமே சிரித்ததில் யன்னல் கண்ணாடிகள் கழன்று ஆற்றில் விழுந்தன. நீ மட்டும் வெறும் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அகதி விசாரணை முடிந்து மாதங்களாகியிருந்தன. தங்கவிட்டால், கொழும்பில் காத்திருக்கும் மனைவியைக் கூப்பிடலாம். பதில் வந்ததோ என்று யார் கேட்டாலும், "அவங்கள் இன்னும் எண்டிலைதான் நிக்கிறாங்கள், இரு எண்டோ போ எண்டோ சொல்லேல்லை" என்பாய். பனி கரையத் தொடங்கிய ஒரு காலை நீ எழும்பவில்லை. நெஞ்சு என்றார் வைத்தியர்.

தொலைபேசியில் நான்தான் அவளுக்குச் சொன்னேன். பிறகு கேட்டாள்: "கடைசியா என்ன எண்டு சொன்னவர், அண்ணை?"

புளுகில் சக்கரவர்த்தி நான். ஒரு புளுகும் வாயில் வரவில்லை.

இன்று என் மருமக்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அந்தச் சமையற்காரியின் ஒரு பகிடிகூடப் பழசாகவில்லை, மச்சான். மூடி உயர்ந்ததும் எழும்பித் தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டேன்.

"மாமா, முடிவு என்ன?"

"அரசர் வெளியிலை வந்து, ரொட்டி சுட்டு ஊருக்கெல்லாம் குடுத்தவர்."

"சும்மா புளுகாதேங்கோ."

சரி. சோபாவில் மா இல்லை. கண்ணாடி ஒன்றும் ஆற்றில் விழவில்லை. அங்கே ஆறே இல்லை. அந்தப் பீப்பாவை ஒருவரும் வந்து திறக்கவில்லை. அது மட்டும் உண்மை.