ஐந்தே ஆட்டம் ஆடியவனுக்கு

நேற்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை உன்னைவிட்டுப் போகாத நெடி அது. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

மாவட்டக் கால்பந்து அணிக்கு நீ ஆடியது ஐந்தே ஆட்டம். நான் ஒன்பது வருஷம் ஆடினேன். ஆனாலும் விழுப்புரம் மைதானத்துப் பழைய ஆட்கள் யாரைப் பார்த்தாலும் உன்னைத்தான் விசாரிப்பார்கள். "அவுரு கூட ஆடினவருதான நீங்க?" என்று என்னைக் கேட்பார்கள். கூட ஆடினேன் என்பதும் சரியில்லை. அந்த ஐந்து ஆட்டத்திலும் இடது ஓரத்தில் நீ ஓடினாய். அதே இடத்துக்குக் காத்திருந்த நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

கெடாரிலிருந்து சைக்கிளில் வருவாய். பூட்ஸ்கூட இரவல். நான் விடியற்காலையில் எழுந்து மாதக்கணக்கில் ஓடிச் சேர்த்த வேகம், மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிய உனக்குத் தானாக வந்திருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

ஐந்தாவது ஆட்டத்தன்று காலை என்னைத் தனியாக அழைத்து முட்டியைக் காட்டினாய். வீங்கிப் பளபளவென்று இருந்தது. கோச்சிடம் சொல்லாதே என்றாய். "ஆடலாமா, நீயே சொல்லுடா."

வேண்டாமென்றால் உன் இடத்தில் நான் இறங்கியிருப்பேன். ஆனால் உனக்குக் கால் சரியில்லாததால் கிடைத்த இடம் என்றுதானே பேசுவார்கள்? நீ எல்லார் முன்னாலும் தடுமாற வேண்டும், கோச்சே உன்னை வெளியேற்றி என்னைக் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"ஒண்ணும் ஆவாது, எறங்கு" என்றேன்.

நீ தடுமாறவில்லை. இரண்டு பேரைத் தாண்டி ஓரத்திலிருந்து வளைத்து அடித்தாய். பந்து வலைக்குள் போனது. அடித்த வேகத்தில் விழுந்த நீ எழுந்திருக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். அடுத்த ஆட்டத்தில் இடது ஓரம் எனக்கு வந்தது.

பல வருஷம் கழித்து உன் வீட்டில் கேப்பைக் கூழ் குடிக்கும்போது அன்று எதற்காக இறங்கச் சொன்னேன் என்பதை உன்னிடம் சொன்னேன். நீ நிமிரக்கூட இல்லை.

"அன்னிக்கே தெரியும்டா, உன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா? நீ வாணாம்னு சொல்லியிருந்தாலும் எறங்கியிருப்பேன். அதையே நெனச்சிக்கினு இருக்காத."

உன் சாவுக்கு வந்தபோது உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அணியிலேயே நான்தான் நல்ல ஆட்டக்காரன் என்று நீ அவளிடம் சொல்லிக்கொண்டே இருப்பாயாம். நான் தலையை மட்டும் ஆட்டினேன். இத்தனை வருஷத்தில் உன் ஆட்டத்தைப் பற்றி யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை என் வாயில் வந்ததில்லை.

அந்தக் கோலின் மேல் இருந்த பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. என்னைப் பற்றி அவளிடம் அப்படிப் பேச உனக்கு எப்படி மனம் வந்தது என்பதில்தான் இப்போது வயிறு எரிகிறது.