மாடலில் வராத தூண்

ஜூன் 3, செவ்வாய்
சிதம்பரத்துச் சத்திரத்தைப் புதுப்பிக்க அளந்து வரையும் வேலையை ஸ்ரீதர் சார் சத்யப்பிரியாவிடம் கொடுத்துவிட்டார். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். கடலூரில் இந்த ஆபீஸ் திறந்த நாளிலிருந்து வெயிலில் டேப் பிடித்து அளந்தவள் நான். “அது போட்டோ எடுத்தே அளக்குற வேலை சிந்தியா, உனக்குப் பழக்கமில்லையே” என்றார். சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பாளாம்; கம்ப்யூட்டர் அவற்றைக் கோத்து, அளவோடு கட்டடத்தையே மாடலாக எழுப்பித் தருமாம். அப்போ நான் எதுக்கு?

ஜூன் 5, வியாழன்
சத்திரத்துக்குப் போனோம். அவள் கேமராவோடு, நான் லைட் பிடிக்க. ஆமாம், லைட் பிடிக்க! பின்கட்டுக் கூடத்தில் இரண்டு வரிசைத் தூண்கள், எல்லாம் ஒரே அச்சு. வரிசைக்கு எட்டு. போன இடத்தில் தூணை எண்ணுவது என் பழக்கம். அவள் எண்ணவில்லை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அவள் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தில் எனக்குப் பாதி வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

ஜூன் 10, செவ்வாய்
மாடல் வந்துவிட்டது. ஆபீஸே அவள் மானிட்டர் முன்னால் நிற்கிறது. காரை பெயர்ந்த இடம்கூடத் தெரிகிறது. “கண்ணு பட்டுடும்மா” என்கிறார் சார். என் வரைபடத்தைப் பார்த்து எப்போதாவது அப்படிச் சொன்னாரா? வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஜூன் 11, புதன்
இன்னொருவர் சரிபார்த்து ஓகே சொல்லாமல் எங்கள் ஆபீஸிலிருந்து வரைபடம் வெளியே போகாது. இன்று என்னிடம் கொண்டுவந்தாள். “அக்கா, நீங்க பாத்துட்டா எனக்கு பயமில்ல.”

பின்கட்டில் வரிசைக்கு ஏழு தூண்தான் இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் கம்ப்யூட்டர் அடுத்தடுத்த இரண்டு தூண்களை ஒன்றாக்கிவிட்டது. தூணுக்கொரு அடையாளச் சீட்டு ஒட்டிவிட்டுப் படம் எடுத்திருக்க வேண்டும். கூடமே ஒரு தூண் இடைவெளி குட்டை. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சார் அந்தப் பக்கம் வந்து, “இனிமே டீமையே சத்யா பாத்துக்கட்டும்” என்றார்.

“ஓகே” என்றேன். அவளிடம்.

ஜூன் 12, வியாழன்
யாராவது கண்டுபிடிப்பார்கள். நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஜூன் 24, செவ்வாய்
கண்டுபிடித்தார்கள். வரைபடத்தை நம்பி அறுத்த தேக்கு உத்தரம் எட்டவில்லை. சத்திரத்து இன்ஜினியர் இளவரசு நேரில் வந்து கத்தினார். “நிக்கிற தூண எண்ணக்கூடத் தெரியாதா உங்களுக்கு?” சார் திரும்பி, “யார் செக் பண்ணது?” என்றார்.

“என் தப்பு சார். சீட்டு ஒட்டாம எடுத்துட்டேன்” என்றாள் சத்யா. என் பெயரையே எடுக்கவில்லை. ஏன் சொல்லல? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! இதுலயும் அவதான் ஒசத்தியா நிக்கணுமா?

ஜூன் 25, புதன்
வேலை என் கைக்கு வந்துவிட்டது. ஆசைப்பட்டதுதானே?

ஜூலை 2, புதன்
சீட்டெல்லாம் ஒட்டி நானே படம் எடுத்தேன். மாடல் துண்டு துண்டாக வருகிறது. வேறு வழியில்லாமல் சத்திரத்திலிருந்தே அவளுக்கு போன் போட்டேன். பொறுமையாகச் சொன்னாள். “ஒரு படத்துல இருக்கறதுல பாதிக்கு மேல அடுத்த படத்துலயும் வரணும்க்கா. ரொம்பத் தள்ளித் தள்ளி எடுத்துட்டீங்க.”

வைக்கப்போகும்போது, “அன்னிக்கு செக் பண்ணப்போ தூண எண்ணுனீங்கதான?” என்றாள்.

பொய் சொல்ல வரவில்லை. எண்ணினேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 7, திங்கள்
வரிசைக்கு எட்டுத் தூணும் வந்துவிட்டன. டீமை இனி நீயே பார் என்று சார் சொல்லிவிட்டார். வரைபடத்தைச் சரிபார்க்க சத்யாவிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் சும்மா ஓகே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

“வடக்குச் சுவத்துல ஒரு ஜன்னல் விட்டுப்போச்சு மேடம். சேத்துடுங்க.”

சேர்த்துவிட்டேன். மேடம் என்று அவள் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.