கொதித்து ஆறிய தண்ணீர்

மனைவி சுபத்ரா செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குத்தான் வருவாள். அதற்குள் முள்ளிப்பட்டு தறிக்காரருக்கு நூல் கொடுக்கக் கிளம்ப வேண்டிய லோகநாதன், காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தான்.

"சுபா, சாவி மீட்டர் பெட்டி மேல. சாம்பாரைச் சுடவச்சுக்கோ. காலையில சாப்பிடாமலே போயிட்டே."

அடுத்து மீன் விஷயம். அதை எப்படி எழுதுவதென்றே அவனுக்குப் பிடிபடவில்லை. மீன் தொட்டியில் சுபத்ரா போர்வெல் தண்ணீர் ஊற்றியதற்காக, "உப்புத் தண்ணி ஊத்தி மீனைச் சாவடிக்கிறியா?" என்று நேற்று மகள் தீபா எதிரிலேயே கத்தியவன் அவன்தான்.

"பட்டு நூலைக் கொதிக்க வச்சா பசை போயிடுதில்ல, அதே மாதிரி உப்பும் போயிடும்னு நெனச்சேன். போர்த் தண்ணியைக் கொதிக்க வச்சு, நல்லா ஆறவச்சுதான் மாத்தினேன். மீன் மேல வந்து வாயைப் பொளந்துகினு நின்னுச்சு. கொதிச்சா தண்ணியில இருக்கற காத்துதான் போவுமாம், உப்பு போவாதாம். தீபா சொல்றா. தண்ணிக்குள்ள ஏது காத்து? ஒண்ணும் வெளங்கல. ஆனா பாத்திரத்துல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கு."

செருப்பை மாட்டியவன் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்:

"அந்தப் பாத்திரத்தைத் தொடாதே, நான் வந்து தேய்க்கறேன். மீன் இப்ப நல்லா நீந்திகினு இருக்கு. நீ புடிச்சு வச்ச பக்கெட் தண்ணியிலதான், அதே போர்த் தண்ணி."