பெரியவருக்கு வணக்கம் சொன்ன இரவு

தலைச்சோலைக்காரரே,

இன்று சாயங்காலம் மழை விட்டதும் பால் வாங்கக் கிளம்பினேன். சேலத்தில் எங்கள் தெருமுனையில் கோயில் காளை ஒன்று நனைந்துபோய் நின்றிருந்தது. ஈரத்தோலும் சாணமும் மென்ற புல்லும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால் தானாக நின்றுவிட்டது. தூக்குப்போணியோடு சுவரில் ஒட்டிக்கொண்டேன். பால்காரம்மா சிரித்துவிட்டார். "ஏனுங்க, இதுக்குப் போயி இப்பிடிப் பயப்படறீங்க? அது ஒண்ணுஞ் செய்யாதுங்க." பயமில்லை, எனக்கு உங்கள் நினைப்பு வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில்கூட வைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளில் ஏற்காடு லாட்ஜில் நான் ரைட்டர், கணக்கெழுதுகிறவன். நீங்கள் தலைச்சோலையிலிருந்து தோட்டத்துப் பேரிக்காயையும் ஆரஞ்சையும் கூடையில் கொண்டுவந்து எங்கள் சமையலறைக்குப் போடுவீர்கள். என்னைவிட மூன்று வயது சிறியவர். ஆனாலும் கடைசி வரை நமக்குள் 'வாங்க, போங்க'தான். ஆறு மணிக்கு மேல் இந்த ஊரில் சீட்டாடுவதைத் தவிர என்ன இருக்கிறது என்று விருந்தாளி ஒருவர் ஒருநாள் என்னிடம் சலித்துக்கொண்டார். நீங்கள் கூடையை இறக்காமலே குறுக்கே புகுந்தீர்கள். "பகல்ல தூங்கறதெல்லாம் ராத்திரிதானுங்க வெளிய வரும். கூட்டிப்போய்க் காட்டட்டுங்களா?" முதலாளிக்கும் அது பிடித்துப்போனது.

அப்படித்தான் சனிக்கிழமை இரவு நடை தொடங்கியது. கிளியூர்ப் பக்கம் இறங்கும் ஓடையை ஒட்டி, ஒரு தடவைக்கு எட்டுப் பேர். நீங்கள் முன்னால், நான் கடைசியில். உங்கள் டார்ச்சின் வாயில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டியிருக்கும். மற்றவர் யாரும் விளக்கு எடுக்கக் கூடாது. அவசரத்துக்கென்று என்னிடம் மட்டும் மூன்று பேட்டரிக் கட்டை போட்ட டார்ச் ஒன்று. கிளம்பும் முன் பெண்களின் தலையிலிருந்த மல்லிகையைக்கூட எடுத்து வைக்கச் சொல்வீர்கள். "பூவோட வந்தா நம்ம வாசந்தானுங்க முன்னால போகும்." சேலத்தம்மா ஒருவர் அரைமணி நேரம் வாதாடிவிட்டுக் கடைசியில் பூவை என் ரிஜிஸ்டரின்மேல் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது அந்த அம்மாவுக்குப் பூ ஞாபகமே இல்லை. பலாமரத்துக் கிளையில் தேவாங்கு ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டே அசையாமல் இருந்ததைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் அந்த நடைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். காப்பிப் பழம் தின்ன வரும் மரநாயைப் பார்த்துவிட்டால் விருந்தாளிகளைவிட உங்களுக்குத்தான் குஷி. பலநாள் பார்த்ததுதானே என்றால், "இருந்தா என்னங்க, நொம்ப அழகுங்க" என்பீர்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மழை பெய்து ஓடையில் தண்ணீர் கூடியிருந்தது. பாறைக்கூட்டத்தைத் தாண்டும்போது மாட்டு வாடை அடித்தது. பக்கத்தில் யாரோ பட்டி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினீர்கள். பிறகு மெதுவாகப் பின்னால் சொல்லி அனுப்பினீர்கள்: "பெரியவரு வர்றாருங்க. ஒதுங்கி நில்லுங்க."

உங்கள் மலையில் இரவில் காட்டெருமையை அதன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சொன்னால் வந்துவிடும் என்று பயம், 'பெரியவரு' என்பதோடு சரி. குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதி எனக்கும் தெரியும் என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள். எங்கள் லாட்ஜில் பெரியவர் என்றால் முதலாளியின் அப்பா. கிளியூர்ப் பக்கம் எஸ்டேட் வைத்துக்கொண்டு, வேளைகெட்ட வேளையில் தடியோடு வந்து நின்று வேலைக்காரர்களை உருட்டுகிற மனிதர். இருட்டில் அவர் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று பதறிப்போய், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, டார்ச்சை நேராக அடித்து, "வணக்கமுங்க ஐயா, பாத்து வாங்க" என்றேன்.

வெளிச்சத்தில் நின்றது கொம்பும் திமிலுமாக ஒரு மலை. அதன் பக்கத்தில் கன்று. ஒரே சீறல். விருந்தாளிகள் சிதறி ஓடினார்கள், ஒருவர் ஓடைக்குள் விழுந்து கையை முறித்துக்கொண்டார். என் விரலோ டார்ச்சை அணைக்கவே தெரியாமல் விறைத்திருந்தது. நீங்கள் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி அணைத்து, என்னைப் பாறைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எனக்கு முன்னால் நின்றீர்கள். நகரவில்லை, சத்தம் போடவில்லை. அது மூச்சு விடுவது என் காதுக்குக் கேட்டது. எத்தனை நேரமோ, பிறகு உண்ணிச்செடிப் புதரை முறித்துக்கொண்டு அது போய்விட்டது. "போயிட்டாருங்க. எந்திரிங்க" என்றீர்கள்.

அன்று என் உயிரைக் காப்பாற்றியதற்கு உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். மறுநாள் நடந்ததற்கு இன்றுவரை சொன்னதில்லை.

காலையில் முதலாளி எல்லோரையும் வராந்தாவில் நிற்க வைத்து, "எவன்யா டார்ச் அடிச்சது?" என்று கத்தினார். அடித்தவனுக்கு வேலை போகும் என்பது அங்கு நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். வீட்டில் என் மனைவிக்கு ஏழு மாதம். "நாந்தானுங்க. அவரு டார்ச்ச நான் வாங்கி வெச்சிருந்தேனுங்க, கை தவறிப்போச்சுங்க" என்றீர்கள் நீங்கள். இனி லாட்ஜ் வாசலை மிதிக்கக் கூடாது என்று முதலாளி உங்களிடம் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து உங்கள் கையைப் பிடித்தபோது, "எனக்குக் காடிருக்குதுங்க, சாமை வெதைச்சுப் பொழைச்சுக்குவேன். நீங்க அம்மிணியப் பாருங்க" என்று மட்டும் சொன்னீர்கள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து நாகலூர்க்காரர் ஒருவர் முன்னால் போனார். மரநாயைப் பார்த்து அவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்த வேலையில்தான் என் பெண் பிறந்தாள், படித்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். உங்கள் பிள்ளைகள் தங்கள் அப்பாவைக் கை தவறியவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களே என்பதுதான் என்னை அரித்தது.

போன மாதம் உங்கள் காரியத்தன்று, கூட்டம் கலைந்ததும் உங்கள் மனைவியின் எதிரில் போய் உட்கார்ந்தேன். "அன்னிக்கு டார்ச் அடிச்சது நாந்தானுங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் முகத்தில் வியப்பே இல்லை. "தெரியுமுங்க. அன்னிக்கே ஊட்டுக்கு வந்து சொல்லிப்போட்டாருங்க. பசங்களுக்கும் தெரியும். 'நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம், அப்பறம் கூச்சப்பட்டுக்கிட்டு நம்மூட்டுக்கே வரமாட்டாரு'ன்னு எல்லார் வாயையும் கட்டிப்போட்டாருங்க."

இத்தனை பொங்கலுக்கும் எல்லாம் தெரிந்தவர்கள் பரிமாறிய சோற்றைத்தான் நான் சாப்பிட்டிருக்கிறேன். ஒருவர் முகத்திலும் ஒருநாளும் அது தெரிந்ததில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வருகிற பொங்கலுக்கும் வருவேன். நீங்கள் பயந்தபடி கூச்சப்பட்டுக்கொண்டுதான் வருவேன். ஆனால் வருவேன்.