நான் கூட்டிய எண்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். முழங்காலுக்கு மருந்து போடுகிறீர்களா? யாராவது சொன்னால்தான் போடுவீர்கள்.

அண்ணனைக் கடல் கொண்டுபோய் ஏழு மாதம். ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன்.

எங்கள் வானிலை அலுவலகத்தில் புயல் முதலில் கணினிக்குள்தான் பிறக்கும். மேகம் எழும்போது கீழ்க்காற்றின் வேகத்தையும் தூக்கிக்கொண்டு போகும். மேல்காற்றின் வேகத்தைக் கீழே தள்ளும். எவ்வளவு என்று யாராலும் சரியாக அளக்க முடியாது. நாங்கள்தான் ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். எங்கள் கணினியில் அந்த எண் பெரிதானால் சுழல் கூடுவதற்குள் குலைந்துவிடும். சிறிதானால் சும்மா கிடக்கும் கடலிலும் புயல் எழும்.

போன வருடம் வராத புயலுக்கு மூன்று முறை எச்சரிக்கை விட்டோம். ஊரே சிரித்தது. "உன் புயலுக்குப் பயந்து வீட்லயே உக்காந்து எனக்குத் தொப்பை போட்டுடுச்சு, வாலு" என்று அண்ணன் வேறு கிண்டல் செய்தான். ரோஷத்தில் எண்ணைக் கூட்டினேன்.

அவன் போன அன்று காலை, கடலில் காற்றை அளக்கும் மிதவையைப் பழுது பார்க்கப் படகில் கிளம்பும் முன் போன் செய்தான். என் திரையில் கடல் வெறுமையாக இருந்தது. "தாராளமா போ" என்றேன். பிற்பகலில் புயல் வந்தது.

உங்கள்
வாலு

---

ஜூன் 15

வாலுக்கு,

கடிதத்தை நான்கு தரம் படித்தேன். மருந்து போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல். பழைய எண்ணே இருந்திருந்தால் உன் கணினி புயலைக் காட்டியிருக்குமா?

அண்ணி

---

ஜூன் 23

அன்புள்ள அண்ணிக்கு,

'அன்புள்ள' இல்லாமல் எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நாளின் காற்றைப் பழைய எண்ணோடு, தொடக்கத்தை மட்டும் துளித்துளி மாற்றி, நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். பதினேழு தடவை புயல் வந்தது. மற்றவற்றில் வரவில்லை. வரும்போதெல்லாம் அவனுடைய மிதவை இருந்த இடத்தில்தான் முதல் சுழி விழுகிறது.

"அந்த நாளை விட்டுடுங்க மேடம்" என்கிறார்கள் இங்கே. முடியவில்லை. அந்தச் சுழிக்குள் அவன் நிற்கிறான் என்றே தோன்றுகிறது. கணினியை அணைக்கும்போதெல்லாம் மறுபடியும் அவனைக் கடலில் விட்டுவிட்டு வருகிறேன். பயமாக இருக்கிறது அண்ணி. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
வாலு

---

ஜூலை 2

அன்புள்ள வாலுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். எழுதிய நாலு தாளையும் கிழித்துப் போட்டேன்.

அன்று காலை வானம் எனக்குப் பிடிக்கவில்லை. "இன்னிக்கு வேண்டாங்க" என்றேன். "என் தங்கச்சிக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுமா?" என்று சிரித்துக்கொண்டே போனார். உன்மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நீயாக வாய் திறப்பாயா என்று இத்தனை மாதமும் காத்திருந்தேன்.

யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். தினமும் காலை ஐந்தரைக்கு வாசலில் அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கிறது. நானும் தினமும் எழுந்துபோய் வேண்டாம் என்கிறேன். சத்தம் படியிறங்கிப் போய்விடுகிறது.

காற்று விஷயத்தில் என் பேச்சை அவர் என்றைக்குக் கேட்டார்? நீ சொன்னால்தான் கேட்பார். அந்தக் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பி வா. வந்து, போகவேண்டாம் என்று நீ சொல்.

அண்ணி